வாசலில் நின்று பார்த்தவர்

நீங்கள் நடத்தும் திட்டம் பயனுள்ளதா என்று சொல்ல வெளியிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டிய நாள் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். நிதி கொடுப்பவர்கள் கேட்பதால் வரலாம்; உங்களுக்கே ஐயம் எழுந்து வரலாம். எனக்கு முதற்காரணத்தால்தான் வந்தது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் பெரிய மனுஷி போலப் பேச எனக்கு விருப்பமில்லை.

நான் பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில், நம் தொண்டு நிறுவனத்தின் ஈப்போ அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் இருவர் வீடு தேடி வந்து, மதிப்பீட்டாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டீர்கள். அன்று ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதிலைச் சொல்ல ஒரு குடும்பத்தின் அனுமதி வேண்டியிருந்தது. இப்போது அது கிடைத்திருக்கிறது. ஆகவே பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு எழுதுகிறேன்.

சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் சாலையோரத்தில் மலிவுவிலை வீடுகளுக்கு மாறியிருந்தார்கள். தோட்டக் காலத்துக் கோயில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. அங்கே வீட்டுக்கு ஒருவருக்காவது இனிப்புநீர் என்னும் நீரிழிவு இருந்தது என்று சொன்னால் உங்களில் யாரும் வியப்படைய மாட்டீர்கள். நோய் முற்றும்போது பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. தெரிய வரும்போது காலை எடுக்க வேண்டிய நிலை. அதைத் தடுக்கத்தான் பாதப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினோம். அந்தக் குடியிருப்பின் பெண்கள் ஏழு பேருக்குப் பயிற்சி கொடுத்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும், கோயில் மண்டபத்தில் வரிசையாக நாற்காலி போட்டு ஒவ்வொருவர் பாதத்தையும் பார்ப்பார்கள். புண் இருந்தால் அரசு கிளினிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எல்லாரும் வருகிற இடம். செருப்பைக் கழற்றச் சொல்லக்கூட வேண்டியதில்லை, வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். மூன்றாண்டுகளில் பதிவேட்டில் புண்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. அந்த ஏட்டை நான் எத்தனை கூட்டங்களில் தூக்கிக் காட்டியிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நான்காம் ஆண்டின் நடுவில், நிதி வழங்கிய அறவாரியம் கடிதம் அனுப்பியது. வெளியார் ஒருவரின் மதிப்பீட்டைப் பார்த்த பிறகே திட்டத்தைத் தொடர்வதா, ஆண்டிறுதியோடு நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்களாம். நிறுத்தினால் அந்தக் குடியிருப்பில் பாதம் பார்க்க வேறு யாரும் இல்லை.

முதலில் என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவரைக் கோலாலம்பூரில் தொலைபேசியில் பிடித்தேன். நல்ல மனிதர். விவரத்தைக் கேட்டுவிட்டு, "என்ன மாதிரி ரிப்போர்ட் வேணும் சொல்லு, அப்படிச் செஞ்சிடலாம் லா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. அடுத்து ஒரு பெரிய நிறுவனம். வினாத்தாளை அவர்கள் அலுவலகத்திலிருந்தே அனுப்புவார்களாம், எங்கள் தொண்டூழியர்களே நிரப்பிக் கொடுத்தால் போதுமாம். எங்கள் வேலையை எங்களையே கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு வெளியாள் எதற்கு என்று அதையும் விட்டேன்.

அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு தமிழ் முஸ்லிம் அன்பரின் உணவகம் இருந்தது. பகல் உணவு எனக்கு அங்கேதான். ஒருநாள் அவரே மேசைக்கு வந்து நின்றார்.

"என்னம்மா, மூணு நாளா ரொட்டி ஆறிப் போவுது, நீங்க போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. என் ரொட்டி மேல கோவமா?"

சொன்னேன்.

"அட, நம்ம மவ அந்த வேலதானே பாக்குறா. காலேஜ்ல லெக்சரர். ஊர் ஊராப் போயி இந்த மாதிரித் திட்டத்தையெல்லாம் ஆராயிறா. ஆனா ஒண்ணு, நல்லா இருக்குன்னு லேசுல வாய்ல வராது. என் மீன் கறியச் சாப்பிட்டுட்டு, 'போன வாரம் நல்லா இருந்துச்சு அத்தா'ங்கிறா. போன வாரமும் அதையேதான் சொன்னா."

அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்காது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆய்வாளர் என்றே குறிப்பிடுகிறேன். முதல் சந்திப்பில் நான் திட்டத்தை விளக்கத் தொடங்கியதும் மெதுவாகக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது அப்புறம் மேடம். இந்த அறிக்கை உங்களுக்கு எதுக்கு வேணும்?"

"நிதி தொடர்ந்து வரணும்."

"சரி. மறைக்காம சொன்னீங்க. நீங்க கேக்க விரும்பாத செய்தி ஒண்ணு கெடைச்சா, அத முதல்ல யார்கிட்ட சொல்லணும்?"

அப்படி ஒரு செய்தி இருக்கக்கூடும் என்றே நான் எண்ணியிருக்கவில்லை. "என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொன்னார். தகவல் பிழை இருந்தால் நாங்கள் திருத்தலாம். முடிவுகளை மாற்றச் சொல்லக் கூடாது. தனி மனிதர் எவராவது தம்மைப் பற்றிய செய்தியை நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் நீக்கப்படும். நீங்கள் யாரை அழைத்தாலும் இந்த மூன்று வரிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றின் அருமை, நெருக்கடி வரும்வரை எனக்கு விளங்கவில்லை.

பரிசோதனை நாளன்று நான் எட்டுக் குடும்பங்களின் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். நன்றாகப் பேசக்கூடியவர்கள், எங்களால் பயன் பெற்றவர்கள். அவர் நன்றி சொல்லி வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கோயில் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேற்று மதத்தவர் என்பதால் தயங்குகிறாரோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"உள்ள வாங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. கோயில் தலைவரே கூப்பிடச் சொன்னாரு."

"தெரியும் மேடம். அப்புறமா வாரேன். உள்ள பாக்குறதுக்கு நீங்க ஏழெட்டுப் பேரு இருக்கீங்க. இங்க யாருமில்ல."

எனக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது. உள்ளே போய்விட்டேன். மண்டபம் நிறைந்திருந்தது. லெட்சுமி என்ற தொண்டூழியர் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முதியவரின் பாதத்தை மடியில் ஏந்தி, விரலிடுக்குகளை விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேரில் அவர்தான் மற்ற பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவர். "அண்ணே, நகத்த யாரு வெட்டுனது, செம்பனை வெட்டுற கத்தியாலயா?" என்று கேட்க, வரிசை முழுவதும் சிரித்தது. அந்த ஆய்வாளர் இதையல்லவா பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

பிற்பகல் காரில் ஏறியதும் அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"மேடம், நாலு பேரு வாசல் வரைக்கும் வந்து உள்ள போகாமத் திரும்பிட்டாங்க. ரெண்டு பேரு வீட்டாளுங்கள எறக்கி விட்டுட்டு மரத்தடியிலயே நின்னாங்க. அதுல மோட்டார் சைக்கிள்ல வந்த ஒருத்தரு ஒரு கால்ல சிலிப்பரு, இன்னொரு கால்ல பின்பக்கம் வெட்டுன பூட்ஸ் போட்டிருந்தாரு. போய்ப் பேச்சுக் கொடுத்தேன். உள்ள போகலையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"புண்ணோட எப்படிம்மா கோயிலுக்குள்ள கால வைக்கிறதுன்னாரு."

நான் வண்டியை ஓரங்கட்டினேன். சிவந்த புண்ணும் சீழும் உள்ள காலோடு சாமி இருக்கும் இடத்துக்குள் போகத் தயங்குவது எனக்குத் தெரியாத செய்தியா? என் தகப்பனாரே ஒருமுறை காலில் கட்டோடு மாதக்கணக்கில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். யாரும் தடுத்ததில்லை; தடுக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. புண்ணைத் தேடுகிற ஒரு திட்டத்தை, புண் உள்ளவர் தாமாகவே விலகி நிற்கும் இடத்தில் மூன்றாண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஏட்டில் புண்கள் குறைந்ததன் காரணத்தில் ஒரு பகுதி அதுதான். வராதவர்கள் பெயருக்கு நேரே நாங்கள் 'வேலைக்குப் போயிருப்பார்' என்று எழுதிவந்தோம்.

ஆய்வாளர் இன்னும் முடிக்கவில்லை. "அவரு எறக்கி விட்டது லெட்சுமி அக்காவ. அவங்க வீட்டுக்காரருதான். உங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னு அவரே சம்மதிச்சாரு. அறிக்கை அடுத்த மாசம் வரும் மேடம். அந்தக் கால் அது வரைக்கும் தாங்காது. இப்பவே போலாம்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்ததை அறிக்கைக்காகப் பத்திரப்படுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் வைக்கவில்லை. அதற்காக நான் அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டவள்.

லெட்சுமியின் வீட்டுக்குத் திரும்பிப் போனோம். அவர் கணவர் மணியம் ஒரு கிடங்கில் காவலாளி; பன்னிரண்டு மணி நேரம் பூட்ஸோடு நிற்கிற வேலை. பூட்ஸுக்குள் ஏதோ குத்தியதே தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். கட்டைப் பிரித்தபோது வீச்சம் அடித்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து வந்த லெட்சுமிதான் பேசினார். "ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்க்கா. தெனமும் நாந்தான் கட்டுப் போட்டு விடுறேன்."

"கிளினிக்குக்கு?"

"அங்க எல்லாருக்கும் என்னையத் தெரியும். ஊரு காலெல்லாம் பாக்குறவ, புருசன் கால விட்டுட்டாளேன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது? அப்புறம் நம்ம திட்டத்த யாரு நம்புவாங்க?"

"நான் போறேன்னுதான் சொன்னேன்," என்றார் மணியம் தணிந்த குரலில். "பொய் சொல்லாத. நீ எங்க சொன்ன?" என்றார் லெட்சுமி.

அன்று மாலையே ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் கழிந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அறுவை மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் நன்றிக் கதை. அறிக்கையின் வரைவு வந்தபோதுதான் என் சோதனை தொடங்கியது. அதில் இரண்டு செய்திகள் இருந்தன. இடத்தேர்வு காரணமாக, யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவர்களே விடுபட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. ஒரு தொண்டூழியரின் வீட்டிலேயே அப்படி நடந்திருக்கிறது என்பது மற்றொன்று. நாங்கள் முதலாவதை மட்டும் கோயில் நிர்வாகத்தாருக்கு வாசித்துக் காட்டினோம். தலைவர் எழுந்துவிட்டார்.

"கோயில் பேரக் கெடுக்கத்தான் வெளியாளக் கூட்டிட்டு வந்தீங்களா? நாங்க யாரையாச்சும் உள்ள வராதேன்னு சொன்னோமா? மண்டபத்துக்கு வாடகைகூட வாங்கல."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை. இந்த வரிகளோடு போனால் திட்டம் நின்றுவிடும். நின்றால் மண்டபத்துக்கு வருகிறவர்களின் கால்களையும் பார்க்க ஆளிருக்காது. ஓர் உண்மைக்காக இத்தனை பேரை இழப்பது சரியா என்று எடைபோட்டேன். மறுநாள் காலை ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'மண்டபம்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'சிலர் வேலை நேரத்தின் காரணமாக வர இயலவில்லை' என்று எழுத முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தேன். ஒப்பந்தத்தில் நானே கையெழுத்திட்டிருந்த வரியை மீறுகிறேன் என்பது தெரிந்தேதான் அனுப்பினேன். பணிக்காலத்தில் நான் எழுதியவற்றுள் திரும்பப் பெற விரும்பும் கடிதம் அது ஒன்றுதான்.

அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை.

"மேடம், அந்த வரிய மாத்துனா அடுத்த மாசமும் அந்த ஆளுங்க வாசல்லதான் நிப்பாங்க. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. லெட்சுமி அக்கா வீட்டு விசயத்த அவங்க எடுக்கச் சொன்னா எடுத்துடுறேன், அது அவங்களோடது. மண்டபத்தப் பத்தினது உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

பிறகு அவர், "கோயிலு தப்புன்னு நான் எங்கயும் எழுதல. தலைவருகிட்ட நானே வந்து பேசட்டா?" என்றார்.

வந்தார். இம்முறை மண்டபத்துக்குள்ளேயே வந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்து, வாசலில் தாம் கண்டதை ஒருவர் பெயரையும் சொல்லாமல் சொன்னார். தலைவர் நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆளுங்க நின்னது நானும் பாத்தேன்மா. பீடி குடிக்க நிக்கிறானுங்கன்னு நெனச்சிட்டேன்," என்றார் கடைசியில். "எழுதுனது அப்படியே இருக்கட்டும்." அந்த மனிதருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். தாம் தவறாக எண்ணிவிட்டதை ஊர் முன்னால் ஒப்புக்கொள்வது ஒரு தலைவருக்கு எளிதல்ல.

லெட்சுமி தம் வீட்டுச் செய்தியை நீக்கச் சொன்னார். நீக்கப்பட்டது. நான் காரணம் கேட்கவில்லை. மற்றது ஒரு சொல்லும் மாறாமல் அறவாரியத்துக்குப் போனது. அதனுடன், இடத்தைத் தேர்ந்தெடுத்தது நானே, பொறுப்பும் என்னுடையதே என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். இனி வீடு வீடாகச் சென்று பாதம் பார்க்க விரும்புகிறோம் என்றும் கேட்டிருந்தேன்.

இரண்டு மாதங்கள் கழித்து ஈப்போவில் எங்களை அழைத்து விசாரித்தார்கள். நான், ஆய்வாளர், தொண்டூழியர்கள் சார்பில் லெட்சுமி. மேசைக்கு அந்தப் பக்கம் மூவர். நடுவில் இருந்தவர் ஒரு தமிழ் மருத்துவர். அறிக்கையைப் பல இடங்களில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

"வாசலில் சிலர் நின்றார்கள் என்பது சரி," என்றார். "அவர்களுக்குப் புண் இருந்தது என்பது எப்படித் தெரியும்? ஊகத்தை வைத்துக்கொண்டு முறையை மாற்ற நிதி கேட்கிறீர்கள். இருக்கிற முறையில் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறதே?"

"நேரில் பார்த்திருக்கிறேன் டாக்டர்," என்றார் ஆய்வாளர். "ஆனால் யாரென்று சொல்லும் உரிமை எனக்கில்லை."

"அப்படியானால் இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆய்வாளர் தலைகுனிந்து மேசையைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவருடைய வேலை அந்த நொடியிலேயே நிரூபணமாகியிருக்கும். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திட்டம் எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"இவங்க நேர்ல பாத்தது எங்க வீட்டுலதான் டாக்டர்," என்றார் லெட்சுமி.

மூவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார்.

"நான் உள்ள ஒக்காந்து எல்லாரு காலும் பாத்துக்கிட்டு இருந்தேன். எம் புருசன் வெளிய நின்னாரு. மூணு பரிசோதன அப்படி நின்னாரு. எனக்குத் தெரியும். எழுத வேணாம்னு நாந்தான் சொன்னேன், வெக்கமா இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் நான் சொன்னதுக்காக வாயத் தொறக்காம இருக்காங்க. அதான் சொல்றேன்."

மருத்துவர் பேனாவை வைத்தார். "இப்ப எப்படி இருக்காரு?"

"ரெண்டு விரலு போச்சு. நடக்குறாரு. வேலைக்குப் போயிட்டாரு."

மருத்துவர் அறிக்கையை மூடி ஒருபுறம் நகர்த்தினார். எங்கள் மூவரில் யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று ஒரு கணம் தெளிவாகவில்லை.

"வீடு வீடாகப் போவதென்றால், இன்னும் எத்தனை பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும்?"

விடையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். பையிலிருந்து அதை எடுப்பதற்குள், லெட்சுமி நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் தாளைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.